ஆகாசராஜன் ஊரில் உப்பு என்ன விலை?

அத்தியாயம் 6: சின்னக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் முறை

அரக்கன் குகைக்கு வரைபடம் போட்டு வைத்திருப்பீர்கள். எந்தப் படியில் பொறி, எந்த அறையில் புதையல், அரக்கனுக்கு எத்தனை உயிர்ப்புள்ளி என்று எல்லாம் எழுதியாயிற்று. ஆட்டம் தொடங்கிக் கால்மணி நேரம் ஆகியிருக்காது, ஒருவர் கேட்பார்: "இந்த ஊர்ல காலையில என்ன சாப்பிடுவாங்க?" இன்னொருவர், "உப்பு எங்கேர்ந்து வருது?" என்பார். மூன்றாமவர், "ராத்திரி தங்கறதுக்கு எவ்வளவு கேப்பாங்க?" என்று காசை எண்ணத் தொடங்கிவிடுவார்.

கற்பனை உலகத்தில் கதாபாத்திரங்களாக நடமாடும் பகடை ஆட்டத்தை நடத்துபவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் திணறியிருப்பார்கள். கேம் மாஸ்டர் என்று ஆடுகிறவர்கள் சொல்லும் அவரை இந்த நூலில் நடத்துபவர் என்றே அழைத்து வருகிறோம். நடத்துபவர் பலரும் இப்படிப்பட்ட கேள்வியை, "அதெல்லாம் இப்ப எதுக்கு, குகைக்குப் போங்க" என்று தட்டிவிடுகிறார்கள். தட்டக்கூடாது. உப்பைப் பற்றிக் கேட்பவர் உங்கள் உலகத்துக்குள் குடிவந்துவிட்டார். குகையைப் பற்றி மட்டும் கேட்பவர் இன்னும் வாசலிலேயே நிற்கிறார்.

அன்றாட வாழ்க்கையைப் பற்றி எந்தக் கேள்வி வந்தாலும் அரை நிமிடத்தில் நம்பும்படியான பதில் சொல்வதற்கான முறையை இந்த அத்தியாயம் தருகிறது. உதாரணத்துக்கு ஒரே ஊரை எடுத்துக்கொள்கிறோம்: நாராயணவனம்.

ஏன் இந்த ஊர்?

திருப்பதி மாவட்டத்தில், புத்தூரிலிருந்து ஊத்துக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது நாராயணவனம். 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ஆரணியாற்றின் கரை, ஊர்க்காரர்கள் அருணா நதி என்பார்கள். தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் புழங்கும் எல்லைப் பகுதி. பத்மாவதியின் தந்தை ஆகாசராஜனின் தலைநகரமான நாராயணபுரம் இதுதான் என்பதும், பத்மாவதிக்கும் திருமலைப் பெருமாளான ஸ்ரீநிவாசனுக்கும் கல்யாணம் நடந்தது இங்கேதான் என்பதும் தலபுராணம். கல்யாண வேங்கடேஸ்வரர் கோயில் இன்று திருமலை திருப்பதி தேவஸ்தான நிர்வாகத்தில் உள்ளது.

அந்தக் கல்யாணக் கதையை நடத்துபவரின் கண்ணோடு படித்துப் பாருங்கள். தேவர்கள், ரிஷிகள், பறக்கும் வாகனங்கள் எல்லாம் நிறைந்த அற்புத உலகம். ஆனால் கதை கவலைப்படுவது எதைப் பற்றி? கல்யாணச் செலவுக்குப் பணம் இல்லை. மாப்பிள்ளை குபேரனிடம் கடன் வாங்குகிறார். தொகை சொல்பவருக்குச் சொல்பவர் மாறும். ஆனால் பத்திரம் எழுதியது, வட்டி பேசியது, பிரம்மாவும் சிவனும் அரசமரமும் சாட்சி நின்றது மாறாது. அடுத்து சமையல். இத்தனை பேருக்குச் சமைக்கப் பாத்திரம் ஏது? திருமலையில் இருக்கும் தீர்த்தங்களே பாத்திரங்கள்: சுவாமி புஷ்கரிணியில் சோறு, பாபவிநாசத்தில் பருப்பு, ஆகாசகங்கையில் பாயசம். பந்தி எங்கே? பாண்டவ தீர்த்தத்திலிருந்து ஸ்ரீசைலம் வரை. முதல் படையல் யாருக்கு? அகோபிலம் நரசிம்மருக்கு.

கடன் பத்திரம், பாத்திரம், பந்தி, படையல் முறை. யாரோ ஒருவர் கேட்டிருக்க வேண்டும். கதை சொன்னவர் தட்டிவிடாமல் பதில் சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் திருமலை உண்டியலில் காசு போடுகிற சாதாரண பக்தரும் இன்றைக்கு, "சாமி கடனுக்கு வட்டி" என்று காரணம் சொல்கிறார். நாராயணவனம் கோயிலில் பெரிய கல் திருகை ஒன்று இருக்கிறது. கல்யாணத்துக்கு அரைத்தது இந்தத் திருகையில்தான் என்று காட்டுவார்கள். இத்தனை பெரிய கல்லைச் சுற்ற எத்தனை பேர் வேண்டும், ஒரு நாளைக்கு எவ்வளவு மாவு விழும் என்று பார்க்கிற யாருக்கும் மனம் கணக்குப் போடும். அந்தக் கணக்குதான் நமக்கு வேண்டியது.

ஒரு எச்சரிக்கை. இது இன்றும் வழிபாடு நடக்கிற இடம், பலருடைய நம்பிக்கை. உங்கள் ஆட்டத்தில் தெய்வங்களைப் பகடைக்கு உட்பட்ட பாத்திரங்களாக இறக்காதீர்கள். ஊருக்கு வேறு பெயர் வைத்துவிடுங்கள். கல்யாண ஊர்வலம் தூரத்தில் போகட்டும். உங்கள் ஆட்டக்காரர்கள் சமையல்காரர், சுமைகாரர், உப்பு வணிகர், குயவர் நடுவே நடமாடட்டும். அன்றாட வாழ்க்கை இருப்பதும் அங்கேதான்.

மூன்று விரல் விதி

எந்தக் கேள்வி வந்தாலும் மனதுக்குள் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று: இந்தப் பொருள் எங்கிருந்து வருகிறது?
இரண்டு: யார் கை படுகிறது?
மூன்று: யார் காசு தருகிறார்கள்?

மூன்றுக்கும் ஒவ்வொரு வாக்கியம் கிடைத்தால் போதும், பதில் தயார். மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஊர் நடுவே பளிங்கு நீரூற்று, தெருவெல்லாம் இரவு முழுக்க விளக்கு என்று வருணித்துவிட்டு, எண்ணெய்க்குப் பணம் யார் தந்தது என்று யோசிப்பதில்லை. நம் ஊர்க் கல்வெட்டுகள் யோசித்திருக்கின்றன. ஒரு நந்தாவிளக்கு எரிய இத்தனை ஆடு, அந்த ஆட்டை மேய்ப்பவர் நாளொன்றுக்கு இத்தனை ஆழாக்கு நெய் தர வேண்டும் என்று கோயில் சுவரிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். விளக்கு, ஆடு, இடையர் என மூன்று விரலும் அதில் மடங்குகின்றன.

இனிக் கேள்விகளுக்கு வருவோம். அடிக்கடி வருபவை இவைதான்.

"உப்பு எங்கேர்ந்து வருது? என்ன விலை?"

முதல் விரல்: நாராயணவனத்தில் கடல் இல்லை. ஆனால் ஊரை ஒட்டிப் போகும் ஆரணியாறு பிச்சாட்டூர், சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி என்று கிழக்கே போய்ப் பழவேற்காட்டுப் பக்கம் கடலைச் சேர்கிறது. நேர்கோட்டில் ஏறக்குறைய 80 கி.மீ. ஆற்றோரமாக நடந்தால் இன்னும் கூடும். உப்பு அந்த வழியாக எதிர்த்திசையில் மேலேறி வருகிறது.

இரண்டாவது விரல்: சங்கப் பாடல்களில் வருகிற உமணர்கள் உங்களுக்குத் தயாராக இருக்கிறார்கள். உப்பு வண்டியோடு குடும்பமாகவே ஊர் ஊராகப் போகிறவர்கள். உப்பைக் கொடுத்து நெல் வாங்குகிறவர்கள். பொதிமாடு ஒரு நாளைக்கு 15 முதல் 20 கி.மீ. வரைதான் நடக்கும். எனவே கடற்கரையில் ஏற்றிய உப்பு ஐந்தாறு நாள் கழித்து ஊர்ச் சந்தையில் இறங்கும்.

மூன்றாவது விரல்: காசு புழக்கம் குறைவு, நெல்தான் விலை. நம் ஆட்டத்துக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம். கடற்கரையில் ஒரு மரக்கால் நெல்லுக்கு இரண்டு மரக்கால் உப்பு. நாராயணபுரத்தில் ஒன்றுக்கு ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது உப்பளத்தில் வேலை நடக்காது, ஆற்றில் வெள்ளம், வண்டி இறங்காது; அப்போது ஒன்றரை மரக்கால் நெல்லுக்கு ஒரு மரக்கால் உப்பு.

இதிலிருந்து என்னவெல்லாம் கிடைத்துவிட்டது பாருங்கள். மழைக்காலத்தில் உப்பைப் பதுக்கும் ஒரு வணிகர், வெள்ளத்தில் சிக்கிய ஒரு வண்டி, ஊறுகாய் போட வழியில்லாத ஒரு கல்யாண வீடு. ஒரு கேள்விக்குப் பதில் சொல்லப் போய் மூன்று சாகசம் கையில் விழுந்திருக்கிறது. மேசையில் அது இப்படி வெளிப்படலாம். சுமைதாங்கிக் கல்லில் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஒரு கிழவர் உட்கார்ந்திருக்கிறார்.

"பெரியவரே, உப்பு இருக்கா?"

"இருக்கு தம்பி. நெல்லு இருக்கா?"

"காசு தர்றேனே."

"காசை வெச்சு நான் கஞ்சி காய்ச்சட்டுமா? பிச்சாட்டூர்கிட்ட ஆறு கரையை ஒடச்சிட்டுது. பின்னாடி வந்த நாலு வண்டி என்ன ஆச்சின்னே தெரியலை. அதுல என் மருமவனும் இருக்கான்."

விலைப்பட்டியலை வாசித்திருந்தால் ஆட்டக்காரர் எழுதிக்கொண்டு நகர்ந்திருப்பார். கிழவர் வாயால் கேட்டதால், இப்போது அவர் ஆற்றை நோக்கி நடப்பார்.

"காலையில என்ன சாப்பிடுவாங்க?"

முதலில் எது இருக்காது என்று பாருங்கள். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, மரவள்ளி, முந்திரி, கொய்யா, பப்பாளி எல்லாம் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. போர்ச்சுகீசியர் 1498-ல் கோழிக்கோட்டில் இறங்கிய பிறகுதான் இவை இந்தப் பக்கம் வந்தன. இன்று சித்தூர் வட்டாரத்தை நிலக்கடலை இல்லாமல் நினைக்க முடியாது. ஆனால் ஆகாசராஜன் காலத்துக் காட்டில் கடலைச் செடி கிடையாது. காரத்துக்கு மிளகு, திப்பிலி, இஞ்சி. புளிப்புக்குப் புளியும் மாங்காயும். இனிப்புக்குக் கரும்பு வெல்லமும் மலைத்தேனும்.

இனி எது இருக்கும். மலையடிவார மண், ஏரிப்பாசனம், மழை பொய்த்தால் புன்செய். நெல் விளைகிற ஏரிக்கீழ் நிலத்துக்காரர் வீட்டில் காலையில் பழையதும் நீராகாரமும். மேட்டுநிலத்துக்காரர் வீட்டில் கேழ்வரகுக் கூழ், மதியத்துக்குக் களி. இன்றும் இந்தப் பக்கத்தில் ராகி சங்கடி என்று விரும்பிச் சாப்பிடுவது அதே களிதான். ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் எதில் கை வைக்கிறார்கள் என்பதிலிருந்தே அந்த வீட்டுக்கு ஏரித்தண்ணீர் பாய்கிறதா என்று தெரிந்துவிடும். இதை நீங்கள் விளக்க வேண்டாம். சட்டியைக் காட்டினால் போதும்.

சமையலைப் பின்னணியாக நினைக்காதீர்கள். டொராண்டோவிலிருந்து விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட 'வெண்பா' என்னும் வீடியோ கேம் முழுக்க முழுக்க ஒரு தமிழ்க் குடும்பத்தின் அடுக்களையில் நடக்கிறது. கனடாவில் குடியேறிய ஒரு தாய், சிதைந்துபோன சமையல் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்து இட்லி அவிக்கிறாள். எது முதலில், எது பிறகு என்று கண்டுபிடிப்பதே ஆட்டம். ஒரு கத்திச் சண்டை இல்லை. உலகம் முழுக்க ஆடினார்கள்.

"ராத்திரி எங்கே தங்கறது?"

மேலைநாட்டு ஆட்டப் புத்தகங்களில் சாகசம் தொடங்குவது மதுக்கூடத்தோடு கூடிய விடுதியில். அறைக்கு வாடகை, குடிக்குக் காசு, மூலையில் முக்காடிட்ட ஒரு மர்ம மனிதர். அதை அப்படியே நாராயணபுரத்தில் கொண்டுவந்து இறக்காதீர்கள். இங்கே வழிப்போக்கருக்குச் சத்திரம், கோயில் மண்டபம், யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணை. படுக்கக் காசில்லை, பல சத்திரங்களில் சோற்றுக்கும் காசில்லை.

மூன்றாவது விரலை மறக்காதீர்கள். சோறு இலவசம் என்றால் அரிசி யாருடையது? யாரோ ஒரு வணிகர் தம் பெயரில் நிலம் எழுதி வைத்திருக்கிறார். அந்த நிலத்தில் குத்தகை வரவில்லை என்றால் சத்திரத்தில் அடுப்பு எரியாது. ஆட்டக்காரர்கள் பசியோடு வந்து சேரும் இரவில், பூட்டிய சத்திரத்தின் முன் நிற்கட்டும்.

வதந்தி எங்கே கிடைக்கும் என்றும் கேட்பார்கள். கோடையில் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுக்கும் இடத்தில், சந்தையில், கோயில் மண்டபத்தில், தறி ஓடும் வீட்டுத் திண்ணையில். புத்தூர், நகரிப் பக்கம் நெசவு இன்றும் பெரிய தொழில். தறியில் உட்கார்ந்தவர் எழுந்து போக முடியாது. அதனால் வருகிறவரிடம் எல்லாம் பேசுவார். துப்பு வேண்டுமானால் ஆட்டக்காரர் பாவு நூலுக்கு ஒரு கை பிடிக்கட்டும்.

தண்ணீர் எதில் கொண்டு போவார்கள் என்பதற்கும் ஊரே பதில் சொல்கிறது. நாராயணவனத்தில் சுரைக்காய் சுவாமிகள் என்று ஒரு சித்தரின் சமாதி இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்தும் நிறையப் பேர் வருவார்கள். சுரைக்காயோடு திரிந்ததால் வந்த பெயர். முற்றிய சுரையைக் காய வைத்துக் குடைந்தால் குடுக்கை. இலேசு, கீழே விழுந்தால் மண்பாண்டம் போல நொறுங்காது, கொடிக்கு யாரும் காசு கேட்பதில்லை. உங்கள் சாகசக்காரர் தோளில் தோல்பைக்குப் பதிலாக ஒரு சுரைக்குடுக்கையை மாட்டுங்கள்.

"கோயில்ல இவ்ளோ தங்கம் இருக்கே, அதை வெச்சு என்ன பண்றாங்க?"

இது திருட நினைக்கும் ஆட்டக்காரர் கேட்பது. பதில் அவர் எதிர்பார்ப்பதைவிடச் சுவையானது.

திருமலைக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் இருப்பவை; தேவஸ்தானமே 1930-களில் தொகுதி தொகுதியாகப் பதிப்பித்தது. விஜயநகர காலத்துக் கல்வெட்டுகளில் ஒரே மாதிரியான ஏற்பாடு திரும்பத் திரும்ப வருகிறது. ஒருவர் கோயில் கருவூலமான ஸ்ரீபண்டாரத்தில் இத்தனை நற்பணம் கட்டுகிறார். அந்தப் பணத்தைக் கோயில் பூட்டி வைப்பதில்லை. தன் கிராமங்களில் ஏரி வெட்டவும் கால்வாய் திருத்தவும் போடுகிறது. கூடுதலாக விளைந்ததிலிருந்து கொடுத்தவர் பெயரில் தினமும் படையல் நடக்கிறது. அரிசி, பயறு, நெய், வெல்லம், மிளகு, தயிர், பாக்கு, வெற்றிலை என்று அளவோடு பட்டியல். படைத்த பிரசாதத்தில் கொடுத்தவருக்கு உரிய பங்கு விட்டவன் விழுக்காடு. பெரும்பாலும் நான்கில் ஒன்று. கோயில் எப்படி வேளாண்மைக்கு முதல் போட்டது என்பதை பர்ட்டன் ஸ்டெய்ன் என்ற வரலாற்றாசிரியர் 1960-ல் ஒரு கட்டுரையில் விரித்து எழுதியிருக்கிறார்.

இனித் திருடனுக்கு என்ன சொல்வீர்கள்? பண்டாரத்தை உடைத்தால் கிடைப்பது கொஞ்சம்தான், பாதிப் பணம் ஏரிக்கரையில் மண்ணாகக் கிடக்கிறது என்று சொல்லலாம். விழுக்காட்டு உரிமையை ஏமாற்றி வாங்கிவிட்டால் தலைமுறைக்கும் சோறு என்று ஆசை காட்டலாம். பத்திரம் திருடும் சாகசம் பானைப் பொன் திருடும் சாகசத்தைவிட நன்றாக ஓடும்.

அளவைகளையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். காசுக்குப் பத்துப் பணம் ஒரு வராகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொருந்தும்.

"அடிபட்டா யார் பாப்பாங்க?"

வழக்கமான விடை, மந்திர மருந்து. ஒரு மிடறு குடித்தால் எல்லாம் சரி. ஆனால் நாராயணவனத்துக்குப் பக்கத்து ஊர் எது? புத்தூர். தமிழ்நாடு முழுக்கத் தெருமுனைகளில் தொங்கும் 'புத்தூர் கட்டு' பலகைகளுக்குப் பெயர் கொடுத்த ஊர். பச்சிலைச் சாறு, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பத்தை, துணி. எலும்பைத் தடவிப் பார்த்து இழுத்துச் சேர்க்கும் கை, குடும்பத்தில் வழிவழியாக வருவது.

ஆட்டத்துக்கு விதி: கட்டுப் போட்ட கையால் வில் பிடிக்க முடியாது. சில நாள் கழித்து அவிழ்த்து மறுகட்டு. எலும்பு கூட ஆறு வாரம். அந்த ஆறு வாரத்தில் ஆட்டக்காரர் அதே ஊரில் இருந்தாக வேண்டும். கடன் வாங்குவார், உறவு சம்பாதிப்பார், ஊர்ப் பகையில் மாட்டுவார். இது ஆட்டத்துக்கான விதி மட்டுமே. நிஜத்தில் கை முறிந்தால் முதலில் எக்ஸ்ரே எடுங்கள்.

"அங்க போக எவ்ளோ நேரம் ஆகும்?"

கடிகாரம் இல்லாத உலகம் என்றால் நாழிகை பேசுங்கள். ஒரு நாழிகை 24 நிமிடம்; பகலும் இரவும் சேர்ந்து 60. ஒரு சாமம் மூன்று மணி நேரம். நாராயணவனத்திலிருந்து திருப்பதி ஏறக்குறைய 40 கி.மீ. மூட்டையோடு நடப்பவருக்கு இரண்டு நாள். வைகாசி வெயிலில் உச்சிப்பொழுதில் யாரும் நடக்க மாட்டார்கள். விடியலில் மூன்று மணி நேரமும் மாலையில் மூன்று மணி நேரமுமாகக் கணக்கிடுங்கள். கதையிலேயே பாருங்கள்: வேட்டைக்கு வந்த ஸ்ரீநிவாசன் தோட்டத்தில் பத்மாவதியின் தோழிகளிடம் கல்லடி வாங்கி, குதிரையை இழந்து, நடந்தே மலைக்குத் திரும்புகிறார். குதிரை போனால் பயணம் எத்தனை நாள் கூடும் என்பதை ஆட்டக்காரருக்கு உணர்த்த இதைவிட நல்ல காட்சி கிடையாது.

பதில் தெரியாதபோது

கனடாவைச் சேர்ந்த எட் கிரீன்வுட், நூலக வேலை பார்த்தவர், சிறுவனாக இருந்தபோதே எழுதத் தொடங்கிய உலகம் 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்'. 1974-ல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்கான உலகமாக 1987-ல் அது அச்சில் வந்தது. அந்த உலகத்தில் என்ன உடுத்துவார்கள், எதைச் சொல்லித் திட்டுவார்கள், பாலாடைக்கட்டி எந்த ஊரில் நன்றாக இருக்கும் என்று கேட்பவர்களுக்கு அவர் பல ஆண்டுகளாகச் சளைக்காமல் பதில் சொல்லி வருகிறார். அவரிடம் ஓர் உத்தி உண்டு. வோலோ என்ற பயணி எழுதிய வழிகாட்டியாகப் புத்தகத்தை எழுதுவார். வயதான மந்திரவாதி எல்மின்ஸ்டர் அங்கங்கே குறுக்கிட்டுத் திருத்துவார். ஆக, புத்தகத்தில் இருப்பது எதுவும் ஆசிரியர் வாக்கு ஆகாது. யாரோ ஒரு ஊர்க்காரர் சொன்னது.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். நடத்துபவராகப் பதில் சொல்லாமல், ஊர்க்காரர் ஒருவர் வாயால் சொல்லுங்கள். குபேரனிடம் வாங்கிய தொகை ஆளுக்கொன்றாகச் சொல்லப்படுவதுபோல, உங்கள் உலகத்திலும் அர்ச்சகர் ஒன்று, குயவர் ஒன்று சொல்லட்டும். பின்னால் மாற்ற வேண்டி வந்தால் பொய் சொன்னது அவர்தான், உலகம் தப்பித்துவிடும். குயவர் என்றதும் ஒன்று. பொற்பூவால் பூஜித்த தொண்டைமான் மன்னனைவிட மண்பூவால் பூஜித்த குயவர் உயர்ந்தவர் என்றும் இந்தக் கதைக்கூட்டத்தில் ஒரு கதை உண்டு. திருமலையில் இன்றும் புது மண்சட்டியில்தான் தயிர்சாதம் படைக்கிறார்கள். ஒரு சிறுபாத்திரம் சொன்ன பதில் நடைமுறையாகவே நிலைத்துவிடும் என்பதற்கு அது சாட்சி.

நோட்டு

சொன்ன பதிலை அன்றிரவே எழுதுங்கள். ஒரு பக்கத்தில் மூன்று பத்தி: கேள்வி, பதில், சொன்னவர் யார். ஒரு முறை சொன்ன உப்பு விலையை ஆட்டக்காரர் மறக்கவே மாட்டார். நீங்கள் மறந்தால் அன்றோடு நம்பிக்கை போயிற்று. மாற்றலாம், மாற்றத்துக்கு மழையோ போரோ திருவிழாவோ காரணமாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வைக்கவும் வேண்டாம். கேட்காத கேள்விக்கு எழுதிய பதில் பெரும்பாலும் வீண். உப்பு, தானியம், தண்ணீர், எண்ணெய், துணி ஆகிய ஐந்துக்கும் மூன்று விரலை மடக்கி வைத்திருந்தால் மற்றக் கேள்விகளில் பாதி இவற்றிலிருந்தே பதில் பெறும். சோம்பல்காரருக்கும் அரை மணி நேர வேலை.

பயிற்சி

1. உங்கள் கற்பனை ஊரின் ஆறு எங்கே போய்ச் சேர்கிறது என்று ஒரு கோடு போடுங்கள். கரையில் ஐந்து ஊர்ப் பெயர் எழுதுங்கள். உப்பு எத்தனை நாளில் வந்து சேரும்?

2. அந்த ஊரில் ஒரு கல்யாணம். ஆயிரம் பேருக்குச் சாப்பாடு. பாத்திரம் யாருடையது, கடன் யாரிடம், சாட்சி யார்? பத்து வரிக்கு மேல் போகாமல் எழுதுங்கள்.

3. உங்கள் ஊர்ப் பழைய கோயிலுக்குப் போய் மடைப்பள்ளியில் வேலை செய்பவரிடம் பேசுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை படி அரிசி, விறகா கேஸா, எண்ணெய் யார் உபயம், மிஞ்சியது யாருக்கு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சுவரில் கல்வெட்டு இருந்தால் அதன் அச்சுப் பதிப்பு நூலகத்தில் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். அடுத்த அத்தியாயத்தில் சந்தை கட்டப் போகிறோம். நீங்கள் எழுதி வரும் அந்தக் கணக்கு இல்லாமல் அதில் ஒரு கடையும் திறக்க முடியாது.